ஆபரேஷன் முடிந்ததும் ஆயா ஏன் குழம்புகிறார்?

இந்த மாதப் பாடம்



குழுக் கூட்டத்தில் கடன் மனு வாசிக்கும்போது நீங்களே கவனித்திருப்பீர்கள். முன்பெல்லாம் தையல் மிஷினுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும்தான் அதிகம் கேட்போம். இப்போது "மாமியாருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன்", "அப்பாவுக்குக் குடலிறக்கம்", "அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுக்கணும்" என்று வருகிற மனுக்கள் கூடிவிட்டன. பெரியவர்கள் நீண்ட நாள் நம்மோடு இருக்கிறார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் முதலியார்பேட்டை, தேங்காய்திட்டு பகுதிக் கூட்டங்களில் ஆபரேஷன் என்றதும் பணத்துக்கு அடுத்தபடியாக ஒரு கேள்வி வருகிறது. "மேடம், இந்த வயசுல மயக்க ஊசி போட்டா மூளை மழுங்கிடுமாமே, நெஜமா?"

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. ஒரு உறுப்பினரின் மாமியார் குழாயடியில் வழுக்கி விழுந்தார். வயது எழுபத்தி நாலு. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்தால் நடக்க வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஆனால் அடுத்த தெருவில் ஒரு தாத்தா ஆபரேஷன் முடிந்த மறுநாள் பெற்ற மகளையே "நீ யாரு?" என்று கேட்ட கதை அங்கே எல்லாருக்கும் தெரியும். "மூளை கொழம்பிப் போறதுக்கு, படுத்தே இருக்கட்டும்" என்று மகன்கள் முடிவு செய்தார்கள். எண்ணெய்க் கட்டு போட்டு வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். குளிப்பாட்டியது, மலம் அள்ளியது, புண்ணுக்கு மருந்து வைத்தது எல்லாம் மருமகள்தான். படுக்கைப் புண் வந்தது, பிறகு நெஞ்சில் சளி கட்டியது, நாலாவது மாதம் அந்த அம்மா காலமாகிவிட்டார். மகளைத் தெரியாத அந்தத் தாத்தாவோ ஒரே வாரத்தில் தெளிந்துவிட்டார். இப்போதும் பழைய ஏ.எஃப்.டி. மில் பக்கத்து டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

பாதி தெரிந்த விஷயம் ஒரு வீட்டில் இப்படி முடிவெடுக்க வைத்துவிடுகிறது. மீதிப் பாதியை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

பயம் பொய்யில்லை

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். வயதானவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு குழம்புவது உண்மை. மருத்துவ உலகம் இதை ரொம்ப நாளாகவே பேசி வருகிறது. 1955-ல் இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு என்ற டாக்டர் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். "ஆபரேஷனுக்கு அப்புறம் இவர் பழைய ஆளாக இல்லை" என்று குடும்பத்தார் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்யப்பட்ட 1,193 பேரின் விவரங்களை அவர் எடுத்துப் பார்த்தார். சிலருக்கு அந்தப் புகார் உண்மைதான் என்று எழுதினார். அதாவது வீட்டுப் பெண்கள் சொன்னதைத்தான் டாக்டரும் கடைசியில் எழுதினார்!

1998-ல் பல நாட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து, பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட 60 வயதுக்கு மேற்பட்ட 1,218 பேரை நேரடியாகச் சோதித்தன. ஆபரேஷனுக்கு முன்பு ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை என்று ஞாபக சக்தியையும் கவனத்தையும் அளந்தார்கள். ஒரு வாரத்தில் 100 பேரில் 26 பேருக்கு முன்பைவிடக் குறைந்திருந்தது. மூன்று மாதத்தில் அது 10 பேராக இறங்கிவிட்டது. ஆபரேஷனே செய்துகொள்ளாத அதே வயதுக்காரர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்களிலும் 100-க்கு 3 பேருக்குக் குறைந்திருந்தது. ஆக, நாலில் ஒருவருக்கு வருகிறது, வந்தவர்களில் பாதிக்கு மேல் மூன்று மாதத்துக்குள் தேறிவிடுகிறார்கள். தெருவில் பேசும்போது முதல் பாதி மட்டும்தான் பேசப்படுகிறது.

நாம் எல்லாவற்றையும் சேர்த்து 'மூளை கொழம்பிடுச்சு' என்று சொல்கிறோம். அதில் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஆபரேஷன் முடிந்து முதல் சில நாட்களில் திடீரென வருவது ஒன்று. இடம் தெரியாது, நேரம் தெரியாது, ஆளைத் தெரியாது, இரவில் அதிகமாகும், காலையில் தெளிவாகப் பேசுவார், மறுபடி சாயங்காலம் மாறும். இதை டாக்டர்கள் டெலிரியம் என்பார்கள், நாம் திடீர் மனக்குழப்பம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வந்தபின் சில வாரம், சில மாதம் ஞாபகமும் கவனமும் மந்தமாக இருப்பது இரண்டாவது. அடுப்பில் பால் வைத்ததை மறப்பது, கணக்கு தவறுவது, பேச்சில் கோர்வை விடுவது போல இருக்கும். மூன்றாவது, வருடக்கணக்கில் மெல்ல வளர்கிற மறதி நோய். இந்த மூன்றாவதுதான் நாம் பயப்படுவது. ஆனால் நம் கண்ணில் அதிகம் படுவது முதலாவதுதான்.

குற்றவாளி மயக்க ஊசிதானா?

மயக்க மருந்துதான் காரணம் என்றால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். முழு மயக்கம் கொடுத்த ஒரு கூட்டத்தையும், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைத்த இன்னொரு கூட்டத்தையும் ஒப்பிட்டால், முதுகு ஊசிக்காரர்களுக்குக் குழப்பம் குறைவாக இருக்க வேண்டும் அல்லவா? டாக்டர்களும் அப்படித்தான் ரொம்ப காலம் நம்பினார்கள். 2021-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு எலும்பு முறிந்த 1,600 பேரிடம் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். இரண்டு பக்கமும் ஐந்தில் ஒருவருக்குக் குழப்பம் வந்தது. வித்தியாசமே இல்லை! சீனாவில் 65 வயதுக்கு மேற்பட்ட 950 பேரிடம் செய்த சோதனையிலும் இதே முடிவு.

எனக்கு மிகவும் பிடித்தது டென்மார்க் நாட்டில் செய்த ஆராய்ச்சி. 2016-ல் வெளிவந்தது. நடுத்தர வயதும் அதற்கு மேலுமான இரட்டைப் பிள்ளைகள் 8,503 பேரை எடுத்துக்கொண்டார்கள். அண்ணனுக்குப் பெரிய ஆபரேஷன் நடந்திருக்கும், கூடப் பிறந்த தம்பிக்கு நடந்திருக்காது. ஒரே வயிறு, ஒரே வளர்ப்பு. இப்படிப்பட்ட ஜோடிகளில் ஆபரேஷன் ஆனவருக்குத்தான் மூளைத் திறன் குறைந்திருக்க வேண்டும் என்று பார்த்தால், ஏறக்குறைய பாதி ஜோடிகளில் அப்படி, மீதிப் பாதியில் நேர்மாறாக இருந்தது. காசைச் சுண்டிப் போட்டது மாதிரி. மயக்க மருந்து ஆயுசுக்கும் மூளையைக் கெடுத்துவிடும் என்ற பயத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

அப்படியானால் எதனால் வருகிறது? உடம்பை வெட்டித் தைக்கும்போது உடம்பு முழுவதும் ஒரு அழற்சி உண்டாகிறது. காய்ச்சலில் பிதற்றுவதைப் பார்த்திருக்கிறோம், அந்த மாதிரி அழற்சி மூளையையும் தொடுகிறது. அதோடு வலி, தூக்கமில்லாமை, தண்ணீர் வற்றுவது, ரத்தத்தில் சோடியம் என்கிற உப்பு குறைவது, சிறுநீர் கட்டிக்கொள்வது, மலச்சிக்கல், கிருமித் தொற்று, புது இடம், தெரியாத முகங்கள் எல்லாம் சேர்கின்றன. இளம் மூளை இத்தனையையும் தாங்கும். எழுபது வயது மூளைக்குத் தாங்குகிற சக்தி குறைவு. ஏற்கெனவே லேசாக மறதி தொடங்கியவருக்கு இன்னும் குறைவு.

மருந்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். மயக்க மருந்து என்று நாம் சொல்வது ஒரே ஒரு மருந்தும் அல்ல. பால் மாதிரி வெள்ளையாக நரம்பில் போடுகிற புரோபோஃபால் உண்டு. மூச்சு வழியாகக் கொடுக்கிற ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன் உண்டு. படபடப்பு தணிய முன்கூட்டியே போடுகிற மிடாசோலம், டயசிபாம் உண்டு. இதில் கடைசி வகையை வயதானவர்களுக்குக் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்றே இன்றைய மருத்துவம் சொல்கிறது. கெட்டமைன் சிலருக்கு இல்லாத உருவங்களைக் காட்டும், கெட்ட கனவு தரும். அட்ரோபின் ஊசி மூளைக்குள் போகும், அதே வேலையைச் செய்கிற கிளைக்கோபிரோலேட் அவ்வளவாகப் போகாது. இவற்றில் எதைப் போடுவது என்பது மயக்க டாக்டரின் வேலை, நாம் பேரம் பேசக்கூடிய விஷயமல்ல. ஆனால் நம் வீட்டு அலமாரியிலும் இதே வேலையைச் செய்கிற மருந்துகள் இருக்கின்றன. அரிப்புக்கும் சளிக்கும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடுகிற அவில், தூக்கத்துக்கென்று வருடக்கணக்கில் போடுகிற மாத்திரை, இவையும் வயதானவர்களைக் குழப்பும். நம் கட்டுப்பாட்டில் இருப்பது அந்த அலமாரிதான்.

(கண்புரை ஆபரேஷனுக்கும் இதே பயத்தைச் சிலர் சொல்கிறார்கள். தவளக்குப்பம் கண் ஆஸ்பத்திரி போனாலும் வேறு எங்கே போனாலும் கண்புரைக்குப் பெரும்பாலும் கண்ணை மட்டும்தான் மரத்துப்போகச் செய்வார்கள். முழு மயக்கம் தேவைப்படுவது அபூர்வம். அதற்காகப் பார்வையை விட்டுக்கொடுக்க வேண்டாம்.)

ஃபிட்னஸ் அன்று மறைக்கக் கூடாதவை

ஜிப்மரோ, ஜி.எச்.சோ, தனியாரோ, ஆபரேஷனுக்கு முன் மயக்க டாக்டர் பரிசோதிப்பார். "ஃபிட்னஸ் வாங்குறது" என்று நாம் சொல்வது அதைத்தான். பலர் அதை ஒரு கையெழுத்து என்று நினைக்கிறோம். குழப்பத்தைத் தடுக்கும் வேலையில் பாதி அங்கேதான் நடக்கிறது. வீட்டில் என்ன மாத்திரை இருந்தாலும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சித்த மருந்து, கடையில் வாங்கிய தூக்க மாத்திரை எதையும் விடாதீர்கள். முன்பு ஒரு ஆபரேஷனிலோ காய்ச்சலிலோ பிதற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மறதி இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இங்கே நாம் கௌரவம் பார்க்கிறோம். "அதெல்லாம் எங்க அத்தைக்கு நல்ல ஞாபகம்" என்போம். இந்தியா முழுவதும் நடத்தி 2023-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல் மறதி நோய் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். சமையலும் கோலமும் பழக்கத்தில் நடந்துகொண்டிருப்பதால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. ஆபரேஷனுக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லுங்கள். சனி, வெள்ளி, வியாழன் என்று. எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவும் சொல்லிவிடுவார். தடுமாறினால் டாக்டரிடம் சொல்லுங்கள். சரியாகச் சொன்னால் அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஆபரேஷனுக்குப் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

அடுத்தது, நம் ஊருக்கே உரிய விஷயம். குடி! புதுச்சேரியில் சாராயக்கடை எங்கே இருக்கிறது என்று யாருக்கும் வழி சொல்ல வேண்டியதில்லை. தினமும் குடிக்கிறவர் ஆஸ்பத்திரியில் படுத்ததும் குடி சட்டென்று நிற்கிறது. முதல் நாளில் கை நடுங்கும், வியர்க்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் வலிப்பு வரலாம், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், ஊசியைப் பிடுங்குவார், கட்டிலை விட்டு ஓடுவார். எல்லாரும் "மயக்க ஊசி ஒத்துக்கல" என்பார்கள். உண்மையில் அது குடி நின்றதால் வந்த குழப்பம். உயிரையே எடுக்கக்கூடியது. இதற்கு மட்டும் வைத்தியம் நேர்மாறானது. மற்ற வயதானவர்களுக்கு வேண்டாம் என்கிற டயசிபாம் வகை மருந்துதான் இவருக்கு அவசியம், கூடவே பி1 வைட்டமின் ஊசியும் வேண்டும். டாக்டருக்குத் தெரிந்தால்தானே கொடுப்பார்? "எப்பவாச்சும் கொஞ்சம்" என்று நாம் சொன்னால் அவர் அதை நம்பித்தான் மருந்து எழுதுவார். எத்தனை கிளாஸ், கடைசியாக எப்போது என்று அப்படியே சொல்லுங்கள். கணவர் எதிரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் நர்ஸைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். சில ஆயாக்களும் ரகசியமாகக் குடிப்பது உண்டு, அதுவும் இதில் சேரும்.

இடுப்பு எலும்பு விஷயத்தில் தாமதமே ஒரு ஆபத்து. 2020-ல் வெளியான, 17 நாடுகளில் 2,970 பேரிடம் நடந்த ஆய்வில், சீக்கிரமாக ஆபரேஷன் செய்தவர்களில் 100-க்கு 9 பேருக்குக் குழப்பம் வந்தது. வழக்கமான நேரத்தில் செய்தவர்களில் 12 பேருக்கு வந்தது. சொந்தக்காரர் எல்லாரும் வந்து பேசி முடிக்கட்டும் என்று மூன்று நாள் காத்திருப்பதால் குழப்பம் குறையாது.

கட்டில் பக்கத்தில் இருப்பவர்தான் மருந்து

திடீர் மனக்குழப்பத்தைத் தடுக்க நம்பத்தக்க மாத்திரை இதுவரை கிடையாது. ஆனால் 1999-ல் அமெரிக்காவில் ஒரு ஆஸ்பத்திரியில் 70 வயதுக்கு மேற்பட்ட 852 நோயாளிகளிடம் ஒரு எளிய முறையைச் சோதித்தார்கள். நாள், இடம் சொல்லிப் பேச்சுக் கொடுப்பது, எழுந்து நடக்க வைப்பது, இரவில் தூங்க விடுவது, கண்ணாடியும் காது மிஷினும் போட்டுவிடுவது, தண்ணீர் கொடுப்பது, அவ்வளவுதான். வழக்கமான கவனிப்பில் 100-க்கு 15 பேருக்கு வந்த குழப்பம் 10 பேராகக் குறைந்தது. அவர்கள் ஆபரேஷன் நோயாளிகள் இல்லை, காய்ச்சல், மூச்சுத்திணறல் என்று வந்தவர்கள். ஆனாலும் பிறகு ஆபரேஷன் வார்டுகளிலும் இதே முறையைப் பின்பற்றத் தொடங்கினார்கள். அங்கே இதற்குத் தொண்டர்களை வைத்தார்கள். இங்கே மகளும் மருமகளும்தான் அந்தத் தொண்டர்கள், யாரும் அந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை.

ஆபரேஷனுக்குப் போகும்போது கண்ணாடி, பல்செட், காது மிஷின் எல்லாவற்றையும் கழற்றி நம் கையில் கொடுத்துவிடுவார்கள். நாம் பத்திரமாக முந்தானையில் முடிந்துவைத்து, வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அது தப்பு. நினைவு வந்து நர்ஸ் சரி என்றதும் முதலில் அவற்றைப் போட்டுவிடுங்கள். முகம் மங்கலாகத் தெரிந்து, பேச்சும் காதில் விழாவிட்டால் யாருக்குத்தான் குழம்பாது? மில்லில் தறிச் சத்தத்தில் முப்பது வருடம் நின்ற தாத்தாக்கள் நம் பகுதியில் நிறைய. அவர்களிடம் காதுப் பக்கம் குனிந்து, மெதுவாக, ஒரு நேரத்தில் ஒரே விஷயமாகப் பேசுங்கள். "இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரியில இருக்கோம். நான் உங்க மருமக." மறுபடி கேட்டால் மறுபடி சொல்லுங்கள். "இப்பதானே சொன்னேன்" வேண்டாம். சோதிக்கிறேன் என்று "நான் யாரு சொல்லு, நான் யாரு சொல்லு" என்று வரிசையாக வந்து நிற்கும் சொந்தக்காரர்களை வெளியே உட்கார வையுங்கள்.

பகலில் ஜன்னல் வெளிச்சம் படட்டும். டாக்டர் அனுமதித்தால் முதல் நாளே உட்கார வைத்து, நடக்க வைக்க வேண்டும். "பாவம், படுத்திருக்கட்டும்" என்பதுதான் நாம் செய்கிற பெரிய கெடுதல். தண்ணீர் எப்போது கொடுக்கலாம் என்று கேட்டு, கொடுக்கச் சொன்னதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வலி இருந்தால் நர்ஸிடம் சொல்லுங்கள். நம் ஆயாக்கள் வலியைச் சொல்ல மாட்டார்கள், முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கை கால்களைக் கட்டிப்போட்டால் குழப்பம் கூடுமே தவிரக் குறையாது. பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள முடிந்தால் கட்ட வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது.

கத்துகிறவரை எல்லாரும் கவனிப்பார்கள். பேசாமல், சாப்பிடாமல், சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டே இருப்பவரை "நல்லா ரெஸ்ட் எடுக்குறாங்க" என்று விட்டுவிடுவோம். அதுவும் இதே குழப்பம்தான். வெளியே தெரியாத வகை, வயதானவர்களிடம் இதுதான் அதிகம். நேற்று பேசியவர் இன்று கூப்பிட்டால் கண் திறந்து மூடினால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். "எப்பவும் இப்படி இல்ல, நேத்திலிருந்துதான்" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள். டியூட்டி மாறி மாறி வருகிற டாக்டருக்கு ஆயாவின் பழைய நிலை தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். அவர்கள் உப்பு, சர்க்கரை, சிறுநீர், கிருமித் தொற்று எல்லாம் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பார்கள். ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ, வாய் கோணினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

பேய் பிடித்துவிட்டது என்று டிஸ்சார்ஜ் கேட்டு மந்திரிக்கக் கூட்டிப்போன வீடும் எனக்குத் தெரியும். தாயத்து கட்டுவது உங்கள் விருப்பம். ஆஸ்பத்திரியை விட்டு வராதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் மூன்று மாதம் பெரியவர்களிடம் மாத்திரைப் பொறுப்பையும் கேஸ் அடுப்பையும் தனியே விடாதீர்கள். ஒரு எச்சரிக்கை, நம் குழுப் பெண்களுக்காகவே சொல்கிறேன். இந்த மூன்று மாதத்தில் பத்திரம், வங்கிப் பாரம், நகைக்கடன் எதிலும் அவர்களிடம் கையெழுத்தோ ரேகையோ வாங்காதீர்கள், வாங்கவும் விடாதீர்கள். "அம்மாவுக்கு ஞாபகம் இல்ல, அதுக்குள்ள முடிச்சிடலாம்" என்று வீட்டு மனைப் பத்திரத்தோடு வருகிற பிள்ளைகளும் உண்டு. முதியோர் பென்ஷன் பணம் யார் கைக்கு வருகிறது, எதற்குச் செலவாகிறது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பின்னால் தெளிந்து கேட்கும்போது கணக்கு இருக்கும்.

மூன்று மாதம் கழித்தும் தேறவில்லை, நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் அது ஆபரேஷனோடு முடிகிற விஷயமில்லை. முன்பே மறைந்திருந்த மறதி நோய் வெளியே வந்திருக்கலாம். தைராய்டு, பி12 குறைவு போல வைத்தியத்தில் சரியாகிற காரணமும் இருக்கலாம். நரம்பு டாக்டரிடமோ மனநல டாக்டரிடமோ காட்ட வேண்டும். வயசானா அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். ஊக்குநர்கள் வாசித்துக் காட்டினாலே போதும். ஆபரேஷனுக்குக் கடன் கொடுக்கிறோம், ராத்திரி உட்கார ஆள் கொடுக்கிறோமா? ஒரு மருமகள் நாலு ராத்திரி தூங்காமல் இருந்தால் ஐந்தாவது நாள் அவளும் எரிந்துதான் விழுவாள். வார்டில் ஒரு அட்டெண்டர்தான் விடுவார்கள், ஆனால் ஆள் மாற்றிக்கொள்ளலாம். ஆயாவுக்குப் பழக்கமான முகமாக, அதே தெருவில் இருக்கிற இரண்டு உறுப்பினர்கள் ஒரு ராத்திரி வீதம் எடுத்துக்கொள்ள முடியுமா என்று பேசி, முடிந்தால் தீர்மான நோட்டில் எழுதுங்கள். எந்தக் குழுவில் எப்படி ஏற்பாடு செய்தீர்கள் என்று மாதாந்திரக் கூட்டமைப்புக் கூட்டத்தில் பிரதிநிதிகள் வந்து சொல்லுங்கள்.